எண்ட்லிங்கா, ஷெல்ட்டரா: குட்டியைத் தேடும் தாயாக ஆட எது நல்லது?

அக்கா பிள்ளைகள் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து லீவுக்குப் பாளையங்கோட்டை வந்தால் கம்ப்யூட்டரை விட்டு எழ மாட்டார்கள். சுடுகிற ஆட்டம் வேண்டாம், அதற்காகச் சப்பென்றும் இருக்கக் கூடாது என்று தேடியதில் கடைசியில் இரண்டு நின்றன. இரண்டிலும் நாம்தான் தாய், பின்னாலேயே குட்டிகள் ஓடிவரும். இரண்டையும் வாங்கி ஆடியாயிற்று, என் ஓட்டு எண்ட்லிங்குக்குத்தான்.

அடிப்படை விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஷெல்ட்டர் 2013-இல் வந்தது, ஸ்வீடனின் மைட் அண்ட் டிலைட் செய்தது. தாய் பேட்ஜர் (வளை தோண்டி வாழும், முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட விலங்கு), ஐந்து குட்டிகள். எண்ட்லிங் 2022-இல் வந்தது, பார்சிலோனாவின் ஹீரோபீட் ஸ்டுடியோஸ் செய்தது. பூமியின் கடைசித் தாய் நரி, நான்கு குட்டிகள். இரண்டுமே சின்னக் குழுக்களின் வேலை. பார்க்க இரண்டும் அழகு, அதில் சண்டை இல்லை.

வித்தியாசம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: ஒரு குட்டி கைவிட்டுப் போனால் தாய்க்கு அடுத்து என்ன வேலை? ஷெல்ட்டரில் வெட்டவெளியைக் கடக்கும்போது மேலே கழுகு சுற்றும். நேரத்துக்குப் புல்மறைவில் ஒதுங்காவிட்டால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அத்தோடு சரி. மீதியைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். காடு அப்படித்தான் என்று சொல்லலாம், அது உண்மைதான். ஆனால் பிள்ளைகள் "சித்தி, அதைத் தேடிப் போக முடியாதா?" என்று கேட்டால் சொல்ல பதில் இல்லை.

எண்ட்லிங் முழுக்க அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. தோலுக்காக விலங்கு பிடிப்பவன் ஒருவன் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான். அதன் பிறகு ஒவ்வோர் இரவும் வளையை விட்டு இறங்கி, மோப்பத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றக் குட்டிகளின் வயிற்றையும் பார்த்துக்கொண்டு, விடிவதற்குள் திரும்ப வேண்டும். வாசனைத் தடம் ஒரு பக்கம் இழுக்கும், பசி இன்னொரு பக்கம் இழுக்கும், நேரமோ ஓடிக்கொண்டே இருக்கும். அக்கா மகள் பின்னால் இருந்து "ஏல, திரும்புல, கடைசிக் குட்டி அங்கயே நிக்கு!" என்று தம்பியை அதட்டுவாள். தேடுவதா, திரும்புவதா என்ற இந்த இழுபறியை ஷெல்ட்டர் தரவே இல்லை. மற்றக் குட்டிகளும் சும்மா பின்னால் வரும் பாரமாக இல்லை. வளர வளர தாங்களும் வேலை கற்றுக்கொண்டு, தாய் நுழைய முடியாத இடுக்கில் புகுந்து இரை எடுத்துவரும்.

இன்னொன்று, இந்த நரி மனிதர்களின் குப்பையைக் கிளறித்தான் பாதி வயிற்றை நிரப்புகிறது. மலையிலிருந்து சிறுத்தை இறங்கிவிட்டது, கூண்டு வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சைக் கேட்டே வளர்கிற பொதிகை அடிவாரத்துப் பிள்ளைகளுக்கு, அந்த மிருகம் ஏன் ஊருக்குள் வருகிறது என்று இதில் நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஷெல்ட்டர் ஒரு விஷயத்தில் நிச்சயம் மேல், அது சோறூட்டுவது. மரத்தை முட்டி ஆப்பிளை உதிர்த்து, வாயில் கவ்விக்கொண்டுவந்து, பசியில் வெளிறிப்போன குட்டியின் முன்னால் பார்த்துப் போட வேண்டும், ஏமாந்தால் கொழுத்த குட்டி பிடுங்கித் தின்றுவிடும். நம் வீட்டுப் பந்தியில் நடப்பதேதான். எண்ட்லிங்கில் எல்லாக் குட்டிக்கும் சேர்த்து ஒரே பசி அளவு, அந்த நுணுக்கம் அதில் கிடையாது. ஷெல்ட்டர் சீக்கிரம் முடிந்துவிடும், ஒரு சாயங்காலம் போதும்.

தாவிக் குதித்துப் புதிர் அவிழ்க்கிற ஆட்டம்தான் வேண்டும் என்றால் எண்ட்லிங்கும் கொஞ்சம் ஏமாற்றும். பக்கவாட்டில் ஓடுகிற ஆட்டம்தான், ஆனால் மண்டையைக் குடையும் புதிர்கள் குறைவு. லின்க்ஸ் பூனையை வைத்து 2015-இல் வந்த ஷெல்ட்டர் 2-ஐ நான் கொஞ்சம்தான் தொட்டேன், அதனால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. எண்ட்லிங் 2023-இலிருந்து போனிலும் கிடைக்கிறது. கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்தேன், ஓடியது, ஆனால் சின்னத் திரையில் இருட்டுக் காட்சிகள் கண்ணைப் படுத்தின. கம்ப்யூட்டர் இருந்தால் அதிலேயே வாங்குங்கள்.

எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் எதையுமே தனியாக ஆட விடாதீர்கள். இரண்டிலும் குட்டிகள் சாகும், எண்ட்லிங்கில் ஆள் துரத்தும் இடங்களில் பெரியவர்களுக்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.