கல்யாண கேசட்டை டிவிடிக்கு மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

1990களில் ஒரு குடும்பம் எடுத்த கல்யாண வீடியோ, மூன்று மணி நேரம் ஓடும் ஈ-180 விஹெச்எஸ் கேசட். ஹெச்டி தரத்தில் மாற்றித் தருவதாகச் சொல்லி வாங்கிய ஒரு ஸ்டுடியோ அந்தக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்தது ஒரே ஒரு டிவிடி. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் மொத்தமே 1.9 ஜிபி. மீதியைப் பார்க்கவே வேண்டாம், ஏமாற்று அதிலேயே தெரிந்துவிடுகிறது.

சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி பிடிக்கும். நல்ல தரத்தில் பதிந்தால் இரண்டு மணி நேரத்துக்கே நிறைந்துவிடும். மூன்று மணி நேர கேசட்டுக்கு இரண்டு டிஸ்க் வேண்டும். 1.9 ஜிபியை மூன்று மணி நேரத்துக்குப் பிரித்தால் நிமிடத்துக்குச் சுமார் பத்து எம்பிதான் வரும், அது பழைய விசிடி கணக்கு. படம் 352க்கு 288 புள்ளிதான். நம் ஊர் கேசட்டுகள் பால் (PAL) என்ற டிவி முறையில் பதிவானவை, டிவிடியில் அவை 720க்கு 576 ஆக வர வேண்டும். விஹெச்எஸ்ஸில் பதிவாகியிருக்கும் நுணுக்கமே குறைவு, அதை யாராலும் ஹெச்டி ஆக்க முடியாது. ஹெச்டி என்ற பெயரில் நடப்பது, பழைய டிவி வடிவமான 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுப்பது. முகமெல்லாம் உப்பித் தெரியும். இழுக்காதவர்கள் மேலும் கீழும் வெட்டுவார்கள், தலைப்பாகையும் காலடியும் போய்விடும்.

இதைவிடக் கொடுமை ஒலியில் நடந்திருக்கிறது. கேசட்டில் இருந்த சத்தத்தை அப்படியே எடுத்துவிட்டு, மூன்று மணி நேரமும் சினிமாப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். நாதஸ்வரம் இல்லை, ஐயர் மந்திரம் இல்லை, தாத்தா யாரையோ அதட்டிக் கூப்பிடும் குரல் இல்லை. இன்று இல்லாதவர்களின் குரல் வேறெங்கும் பதிவாகியிருக்காது. போதாக்குறைக்குப் படத்தின் மூலையில் கடையின் பெயரும் போன் நம்பரும். ஆகவே கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்குங்கள்: ஒலி மாற்றக் கூடாது, பெயர் போடக் கூடாது, வெட்டக் கூடாது.

கேசட்டைக் கொடுக்குமுன் அதன் மேலுள்ள கண்ணாடி போன்ற திறப்பு வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அப்படியே டெக்கில் (கேசட் ஓட்டும் விசிஆர்) போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், படம் புள்ளி புள்ளியாகிவிடும், அடுத்து போடும் கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டும். சுத்தம் செய்யாமல் ஓட்டுகிற கடையில் கொடுக்காதீர்கள். கேசட்டின் முதுகுப் பக்கத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள். அது போய்விட்டால் தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. டெக் தயாரித்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016இல் நிறுத்திவிட்டது. பல கடைகளில் தேய்ந்த ஹெட்டோடு ஒரே ஒரு பழைய டெக்தான் எல்லாக் கேசட்டையும் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட் என்றால் அந்த ஊர் டிவி முறையான என்டிஎஸ்சியில் (NTSC) இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பால் மட்டும் ஓடும் டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகும் அல்லது உருளும். கேசட் கெட்டுப்போச்சு என்று கையை விரித்துவிடுவார்கள்.

டிஸ்க்கை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மலிவான டிஸ்க்கின் சாயம் வெயிலிலும் வெக்கையிலும் மங்கும், பேப்பர் லேபிள் ஒட்டினால் இன்னும் சீக்கிரம் படிக்காமல் போகும். டெக்கிலிருந்து எடுத்த மூல ஃபைலையே ஹார்ட் டிஸ்க்கில் கேளுங்கள். டிவி (DV) எனப்படும் டிஜிட்டல் வீடியோ முறையில் மணிக்கு 13 ஜிபி ஆகும். மூன்று மணி நேரத்துக்கு 40 ஜிபி இடம் வைத்துக் கொடுங்கள்.

பணத்தில் பாதியை நிறுத்திவைத்து, கடையிலேயே முதல், நடு, கடைசி மூன்று இடத்திலும் ஓட்டிப் பாருங்கள். கடைசிப் பகுதி முக்கியம். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் மலிவான யூஎஸ்பி கருவி இடையிடையே ஃபிரேமை விட்டுவிடும், நேரம் ஆக ஆக ஒலி படத்தைவிட்டு விலகும். மேளம் வாசிக்கும் காட்சி வந்தால் தவில்காரர் கை விழும் கணத்தில் அடி கேட்கிறதா என்று கவனியுங்கள். படத்தின் அடி விளிம்பில் மெல்லிய இரைச்சல் கோடு தெரிந்தால் அதற்காகச் சண்டை போட வேண்டாம், விஹெச்எஸ்ஸுக்கு அது இயல்பு. அசல் கேசட்டைக் கண்டிப்பாகத் திரும்ப வாங்குங்கள்; வாங்கும்போதே மூடியைத் தூக்கி, நாடா கசங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.