அம்மாப்பேட்டைத் தறிக்கூடத்தில் ஓர் அருங்காட்சியகம்

சேலம் அம்மாப்பேட்டையில், ஒரு காலத்தில் ஆறு குழித்தறிகள் ஓடிய ஓட்டு வீட்டுக் கூடத்தை, நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் அருங்காட்சியகமாக மாற்றி வைத்திருக்கிறார். தம் பெயரையும் தெருவின் பெயரையும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்க்கிறேன். அக்கம்பக்கத்தார் அவரைச் ‘சர்வேயர் ஐயா’ என்றே அழைக்கிறார்கள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது, கட்டணமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், அதுவும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருபவர்களுக்கு மட்டுமே கதவு திறக்கப்படுகிறது. இரண்டு முறை சென்று, ஒவ்வொரு பொருளின் முன்பும் நின்று பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

ஒரு நாட்டின் வரலாற்றைச் சொல்லும் பொருள்கள் என்றதும் நம் மனத்தில் எழுபவை பெரும்பாலும் சாரநாத்தின் சிங்கத் தூணும் மொகஞ்சதாரோவின் நடனப் பெண்ணும்தான். சிங்கத் தூணின் தலைப்பகுதி 1950 ஜனவரி 26 அன்று நம் அரசின் சின்னம் ஆயிற்று. நடனப் பெண் தில்லியில் இருக்கிறாள். அதே ஊரில் கிடைத்த தாடிக்காரச் சிலை பாகிஸ்தானில் இருக்கிறது. 1947இல் நாடு பிரிந்தபோது அகழ்வில் கிடைத்த பொருள்களையும் பங்கிட நேர்ந்ததால், மொகஞ்சதாரோவின் ஒரு மணிமாலையை அறுத்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். இந்தச் செய்தியைச் சொல்லித்தான் சர்வேயர் ஐயா ஒவ்வொரு முறையும் கூடத்தைக் காட்டத் தொடங்குகிறார். நான் முதலில் இதைப் பொருத்தமில்லாத தொடக்கம் என்று நினைத்தேன். கூடத்தைச் சுற்றி முடித்தபோது அந்த எண்ணம் மாறியிருந்தது. ஏனெனில் அங்குள்ள ஒவ்வொரு பொருளின் அருகிலும், அது எந்த ஊரில், யாரிடம், எதற்குப் பயன்பட்டு, எந்த ஆண்டில் இங்கு வந்தது என்ற நான்கு செய்திகள் மை பேனாவால் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. நான் பார்த்த எந்தப் பெரிய அருங்காட்சியகத்திலும் இந்த நான்கும் எல்லாப் பொருளுக்கும் ஒருசேர இருந்ததில்லை.

இதன் அருமை முதல் மேசையிலேயே விளங்குகிறது. அங்கே உள்ளங்கை நீளத்தில், கரும்பச்சை நிறத்தில், ஒரு முனை கூராகவும் மறு முனை அகன்றும் தேய்க்கப்பட்ட கற்கோடரி ஒன்று இருக்கிறது. புதிய கற்கால மனிதர் மரம் வெட்டவும் காடு திருத்தவும் செய்துகொண்ட கருவி இது. அகன்ற விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மழுங்கிய ஓரத்தில் சிறு சில்லுகள் பெயர்ந்திருப்பது தெரிகிறது. ஆனால் கண்ணை நிறுத்துவது அதுவன்று. கல்லின் மேற்பாதி முழுவதும் எண்ணெய் ஊறிக் கறுத்திருப்பதும், சிறு குழிகளில் குங்குமம் இன்னும் சிவந்து நிற்பதும்தான். சேர்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றில் மரத்தடி மேடையில், கூர்முனை மேல்நோக்க நட்டு, பிள்ளையாராக வணங்கப்பட்ட கல் அது. செய்தவன் யார் என்று அறியாத பிற்கால மக்கள், நிலத்தில் கிடைத்த அந்த வழவழப்பான கல்லைத் தெய்வமாக எடுத்து வைத்துக் காப்பாற்றினார்கள். அவர்கள் அப்படி வைக்காமல் இருந்திருந்தால் அது எப்போதோ ஒரு வரப்புக்கு முட்டுக்கல்லாகப் போயிருக்கும். கோடரி கூடத்துக்குச் சொந்தமாகவும் தரப்படவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், சேர்வராயன் கோயில் திருவிழாவையொட்டிச் சர்வேயர் ஐயா அதை மலைக்கே கொண்டுபோய், பூசை முடிந்த பின் திரும்ப எடுத்து வருகிறார். இந்த உடன்பாடும் குறிப்புச் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறது.

ஏற்காட்டோடு தொடர்புடைய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கற்கருவிதான் இந்தியத் துணைக்கண்டத்தின் கற்கால ஆய்வையே தொடங்கி வைத்தது. நிலவியல் துறைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் ஏற்காட்டில் வாழ்ந்தார். அவருடைய நினைவுக்கல் அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த தொல்பொருள்களைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் விலைக்கு வாங்கியது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் ஆய்வாளர்கள் அந்தத் தொகுப்பை நாடுவதற்குக் காரணம், எந்தக் கல் எந்த இடத்தில் கிடைத்தது என்று அவர் குறித்து வைத்ததுதான். குறிப்பு இல்லாத கற்கோடரி வெறும் அழகான கல்லாகவே நின்றுவிடும். சர்வேயர் ஐயா தம் குறிப்புச் சீட்டு முறையை ஃபூட்டிடமிருந்தே கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

அடுத்து நான் நெடுநேரம் நின்றது நில அளவைச் சங்கிலியின் முன்பு. ஒரு சங்கிலி 66 அடி. அதில் 100 கண்ணிகள். பத்து சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஓர் ஏக்கர். பத்துக் கண்ணிக்கு ஒன்றாகப் பித்தளை வில்லைகள் தொங்குகின்றன. பத்தாவது கண்ணியில் தொங்கும் வில்லைக்கு ஒரு பல், இருபதாவதில் இரண்டு பல், ஐம்பதாவதில் மட்டும் பல்லில்லாத வட்டம். முள் காட்டில் குனிந்து நிற்பவன் எண்ணாமலேயே விரலால் தடவி அளவைச் சொல்லிவிடலாம். இந்தச் சங்கிலி ஊர் நிலக்கணக்கை எழுதிவந்த ஒரு கர்ணத்தின் வீட்டிலிருந்து வந்தது. 1980இல் தமிழ்நாட்டில் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்ட பின் பரணில் கிடந்திருக்கிறது. சேலத்துக்கு இந்தப் பொருள் தனிச் சிறப்புடையது. 1792இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையால் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, குடியானவரிடமே நேரடியாக வரி விதிக்கும் முறையை இங்குதான் முயன்று பார்த்தார்கள். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய ரயத்துவாரி முறைக்கு வேர் இந்த மண்ணில் இருக்கிறது. இன்று நாம் கையில் வைத்திருக்கும் பட்டாவின் பின்னால் இப்படி ஒரு சங்கிலி கிடக்கிறது என்பதை உணர்ந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நிலம் அளக்கப்பட்டவனுக்கு அது உரிமையாகவும், வரி கட்ட முடியாதவனுக்கு ஏலமாகவும் வந்தது என்று சீட்டின் கடைசி வரி சொல்கிறது. அந்த வரியை எழுதிய நேர்மையைப் பாராட்டுகிறேன்.

இரும்புப் பகுதி சிறியது, ஆனால் திட்டமிட்டு அமைக்கப்பட்டது. கஞ்சமலை அடிவாரத்தில் பொறுக்கிய இரும்புக் கசடும், உலையின் ஊதுகுழல் துண்டும், அவற்றின் அருகே நாம் அன்றாடம் செலவழிக்கும் எவர்சில்வர் நாணயங்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. கஞ்சமலைத் தாதை ஊர்க்கொல்லர்கள் உருக்கியதும், 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலைக்குச் சேலத்துத் தாது சென்றதும், 1970இல் அடிக்கல் நாட்டப்பட்ட சேலம் உருக்காலையில் நாணயத்துக்கான வெற்று வில்லைகள் வெட்டப்பட்டதும் ஒரே மேசையில் தொடர்ச்சியாக விளங்குகின்றன. 2022இல் மயிலாடும்பாறையின் இரும்புக்குக் கி.மு. 2172 என்று காலம் அறிவிக்கப்பட்ட செய்தித்தாள் துணுக்கும் ஒட்டப்பட்டிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊரை ஏன் இங்கு சேர்த்தீர்கள் என்று கேட்டேன். 1965 வரை அதுவும் சேலம் மாவட்டம்தானே என்றார்.

விடுதலைப் போராட்டப் பகுதி மற்றவற்றுக்கு ஈடாக இல்லை. 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய சேலம் விஜயராகவாச்சாரியார், 1917 முதல் இரண்டாண்டுகள் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த இராஜாஜி ஆகியோரின் படங்கள் வெறும் நகல்களாகவே தொங்குகின்றன. எங்கும் கிடைக்கும் படங்களுக்கு இந்தக் கூடத்தில் இடம் தர வேண்டியதில்லை என்பது என் கருத்து. குழல்விளக்கின் ஒளி கண்ணாடிப் பெட்டிகளில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்கிறது. உயரமான வாசற்படியில் கைப்பிடி இல்லாததால் முதியவர்கள் துணையோடு செல்வது நல்லது. பத்துப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் நிற்க இடமில்லை. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் பிரித்து அனுப்ப வேண்டும். ஆனால் கூடத்தின் மூலையில் ஒரு குழித்தறி அப்படியே விடப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் குழியில் கால் விட்டு மிதியை அழுத்திப் பார்க்க அனுமதி உண்டு. பாவு நூல் இரண்டாகப் பிரிந்து, ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடாவுக்கு வழி விடுவதைக் கண்ட ஒரு சிறுமி மீண்டும் மீண்டும் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

இந்தக் கூடத்தை நான் இவ்வளவு மதிப்பதற்கு என் சொந்த அனுபவமும் காரணம். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாட்டனாரின் மரக்காலையும் படியையும் வேறொரு நிறுவனத்துக்கு நன்கொடையாகத் தந்தோம். எந்த ஊர்ச் சந்தையில் எதை அளந்தது என்று ஒரு பக்கம் எழுதியும் கொடுத்தோம். பின்னர் சென்று பார்த்தபோது ‘பழங்கால அளவைகள்’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. நாங்கள் எழுதித் தந்த தாள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு மாறிய காலத்தில், எந்த ஊரின் படி என்று தெரியாத படி எதைச் சொல்லும்? 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுவதற்கும் ஒரே மெட்ரிக் அளவு வந்ததன் பெருமாற்றம் புரிய வேண்டுமானால், அதற்கு முன் ஓமலூர்ச் சந்தையில் எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதல்லவா தெரிய வேண்டும்?

வீட்டில் எஞ்சியிருந்த, தானியம் அளக்கும் வள்ளத்தை இரண்டாம் முறை சென்றபோது சர்வேயர் ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் அதை உடனே வாங்கிக்கொள்ளவில்லை. எந்தக் கொல்லர் பட்டம் கட்டியது, ராகிக்கா நெல்லுக்கா, வாய் ஓரத்தில் உள்ள முத்திரை எந்த ஆண்டுச் சோதனையில் குத்தியது, கூலிக்கு அளந்தார்களா விற்பனைக்கு அளந்தார்களா என்று வரிசையாகக் கேட்டார். ராகி என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. மற்றவற்றை ஓமலூரில் இருக்கும் பெரியத்தையிடம் கேட்டு எழுதி வருவதாகச் சொல்லி, வள்ளத்தைத் திரும்ப எடுத்து வந்திருக்கிறேன்.