கொம்பியூட்டரா, போட்டியா, வேலையை மாற்றி அடுக்குவதா?

போன மாதம் ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் ஒரு பாமசியில் அரை மணித்தியாலம் மினக்கெட்டேன். மருந்துத் துண்டை வாங்கிக் கொப்பியில் பதிய ஒரு பிள்ளை, அதையே கொம்பியூட்டரில் தட்ட இன்னொரு பிள்ளை, காசுக்கு ஒருவர், மருந்து எடுத்துத் தர ஒருவர். "கொம்பியூட்டர் இருக்க ஏன் அண்ணை கொப்பி?" என்று கேட்டேன். "கரண்ட் போனால் என்ன செய்யிறது தம்பி" என்றார் முதலாளி. சரி, ஆனால் அன்றைக்குக் கரண்ட் இருந்தது.

இலங்கைப் பொருளாதாரத்தில் பாதிக்கு மேல் சேவைத்துறைதான். கடை, கிளினிக், டியூட்டரி, ஹோட்டல் என்று எங்கே பார்த்தாலும், ஒரு ஆளின் ஒரு மணித்தியால வேலைக்குப் பெறுமதி கூடாமல் சம்பளம் மட்டும் கனகாலம் கூடாது. அந்தப் பெறுமதியைத்தான் உற்பத்தித்திறன் என்பார்கள். அதைக் கூட்டக் கொம்பியூட்டர், வேலையை மாற்றி அடுக்குவது, போட்டி என்று மூன்று வழியைப் பார்ப்போம்.

எல்லாரும் முதலில் கைவைப்பது கொம்பியூட்டரில். 1987 இலேயே அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் சோலோ சொல்லிவிட்டார், கொம்பியூட்டர் காலம் எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் கணக்கில் மட்டும் தெரியவில்லை என்று. ஏன் என்பதற்கு 1990 இல் பொருளாதார வரலாற்று ஆய்வாளர் பால் டேவிட் மின்சாரத்தின் கதையை எடுத்தார்: தொழிற்சாலைகள் நீராவி எஞ்சினைக் கழற்றி அதே இடத்தில் பெரிய மோட்டார் ஒன்றைப் பூட்டின, அந்த ஒன்றிலிருந்து எல்லா மெஷினுக்கும் விசை கொண்டுபோன பழைய தண்டும் பட்டியும் அப்படியே ஓடின. 1920களில், மெஷினுக்கு ஒரு மோட்டார் என்று வைத்து இடத்தையே மாற்றி அமைத்த பிறகுதான் பலன் வந்தது. என் பாமசியில் இன்னும் பழைய பட்டிதான் ஓடுகிறது.

வேலையை மாற்றி அடுக்குவது மலிவு. மும்பைப் பக்கத்து நெசவாலைகளில் பொருளியலாளர் நிக்கலஸ் புளூம் குழுவினர் இலவசமாக முகாமைத்துவ ஆலோசனை கொடுத்துப் பார்த்தார்கள். முதல் வருடமே உற்பத்தித்திறன் 17 சதவீதம் ஏறியது. அது ஆலை, கடை இல்லை, என்றாலும் இவ்வளவு லாபத்தை யாரும் சொல்லித்தரும்வரை அந்த முதலாளிமார் தேடிப் போகவில்லையே. நம்மூரிலும் வேலையிடத்தை ஒழுங்காக வைக்கச் சொல்லும் ஜப்பானிய முறையான ஐந்து எஸ் போஸ்டர் சுவரில் இருக்கும், அதற்குக் கீழேயே பைல் குவிந்திருக்கும்.

போட்டி ஈவிரக்கம் இல்லாதது. அமெரிக்கச் சில்லறை வியாபாரத்தில் 1990களில் வந்த உற்பத்தித்திறன் வளர்ச்சி ஏறக்குறைய முழுவதும், திறமான புதுக்கடைகள் வந்து நொந்த கடைகளை வெளியேற்றியதால் வந்தது. பழைய கடைகள் திருந்தியதால் அல்ல. ஜப்பான் 1974 முதல் 2000 வரை சட்டம் போட்டுப் பெரிய கடைகளின் வரவை இழுத்தடித்தது, அதன் சில்லறைத்துறை பின்தங்கியதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். ஆனால் சந்திக் கடை மூடினால், வெளிநாட்டுக் காசு வரும்வரை சாமான் தந்த அந்தக் கடன் கொப்பியும் போய்விடும், அதை எந்தப் புள்ளிவிபரமும் எண்ணாது.

சலூனுக்கு இந்த மூன்றும் பெரிதாக உதவாது. அப்பா காலத்திலும் தலைமயிர் வெட்ட இருபது நிமிடம்தான். பொருளியலாளர் வில்லியம் பௌமோல் சொன்ன 'செலவு நோய்' அது: மற்ற வேலைகளில் சம்பளம் ஏற, இங்கேயும் ஏற்றத்தான் வேண்டும், அதனால் விலை ஏறத்தான் செய்யும்.

என் கணிப்பில் பலன் இருப்பது அடுக்குவதில், அடுக்க வைப்பது போட்டி, கொம்பியூட்டர் கடைசியில்தான். இரண்டு கடை தள்ளி, துண்டை வாங்குகிற ஆளே மருந்தும் தருகிற புதுப் பாமசி ஒன்று திறந்திருக்கிறது. நேற்று எட்டிப் பார்த்தேன், பழைய கடையின் மேசையில் கொப்பியைக் காணவில்லை.