ஆறு ஆண்டுகள், மூன்று வகைச் சேமிப்பு: கைவினைப் பொருள்களோடு என் அனுபவம்

வாழ்த்து அட்டை, எம்ப்ராய்டரி செய்த புத்தகக் குறி, பாசிமணி வளையல் என்று கையால் செய்தவற்றையே நெருங்கியவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கத் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் எல்லாப் பொருள்களும் ஒரே அட்டைப்பெட்டியில் கிடந்தன. அதன் பிறகு, பல அறைகள் கொண்ட பிளாஸ்டிக் பெட்டி, ஆழம் குறைந்த இழுப்பறை அடுக்கு, ஜிப் கவர் ஆகிய மூன்றையும் விடாமல் பயன்படுத்தி வருகிறேன். வாங்கிய வாரத்தில் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும் என்பதால், பல ஆண்டுகள் கையாண்ட பின் எது நிலைத்தது, எதை எதற்காக மாற்ற வேண்டியிருந்தது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் அறைப் பெட்டி. நகர்த்தி வைக்கக்கூடிய தடுப்புகளும் ஒரே மூடியும் கொண்ட 24 அறைப் பெட்டி அது. அதில் 11/0 அளவுப் பாசிமணிகளை நிறவாரியாக நிரப்பி வைத்திருந்தேன். இந்த அளவு மணியின் குறுக்களவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். மூடிக்கும் தடுப்புகளின் மேல் விளிம்புக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் மாலை, பெட்டியைப் புத்தகம் போலப் பக்கவாட்டில் இடுக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தேன். மேசையில் வைத்துத் திறந்தபோது கடல் நீலமும் வெளிர் நீலமும் வெள்ளியும் ஒன்றோடொன்று கலந்திருந்தன. பிரித்து முடிக்க நான்கு மாலைகள் ஆயின. மணி உருளாமல் நிற்க வெல்வெட் துணியை விரித்து, பல்குத்தும் குச்சியின் நுனியை ஈரப்படுத்தி ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தேன். இரவு விளக்கொளியில் ஒன்றுபோலத் தெரிந்த இரு நீலங்களை மறுநாள் பகல் வெளிச்சத்தில் மீண்டும் பிரிக்க நேர்ந்தது. வளையலை வாங்கிக்கொள்ள வேண்டியவரின் பிறந்தநாள் அதற்குள் கடந்துவிட்டது என்பதுதான் இன்னும் மனத்தை வருத்துகிறது.

இத்தகைய பெட்டியை வாங்குவோர், தடுப்பின் மேல் ஒரு தடித்த அட்டைத் துண்டை வைத்து மூடியை அழுத்தி மூடிவிட்டு, அட்டையை இழுத்துப் பார்க்கலாம். தடையின்றி வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பெட்டி சிறு மணிகளுக்கு ஏற்றதன்று. நான் பெட்டியைத் தூக்கி எறியவில்லை. சிறுமணிகளைத் திருகுமூடி கொண்ட சிறு குப்பிகளுக்கு மாற்றினேன். பொத்தான், கொக்கி, வளையம் போன்ற பெரிய பொருள்களுக்கு அதே பெட்டி இன்றுவரை குறையின்றி உதவுகிறது.

இழுப்பறை அடுக்கைப் பற்றி நான் சொல்ல விரும்புவது வேறு. ஒரு பொருளை எவ்வளவு விரைவாக எடுக்க முடிகிறது என்பதைக்கொண்டே சேமிப்பு முறையை எல்லோரும் மதிப்பிடுகிறோம்; எவ்வளவு எளிதாகத் திருப்பி வைக்க முடிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் முடிவு. தேவை இருக்கும்போது மூன்று பெட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டுக்கூட நூலை எடுத்துவிடுவோம். வேலை முடிந்து கண் சோர்ந்த நேரத்தில் அதே மூன்று பெட்டிகளை மறுபடி நகர்த்த மனம் வராது. நூல் மேசையிலேயே தங்கிவிடும், நான்கே நாள்களில் மேசை நிறைந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூடிப் பெட்டிகள் என் வீட்டில் ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்காததற்கு இதுவே காரணம். ஒரே கையால் இழுத்து, போட்டு, தள்ளிவிடக்கூடிய இழுப்பறைகள் மட்டும் ஆறு ஆண்டுகளாக ஒழுங்காக இருக்கின்றன.

இழுப்பறையின் ஆழம் 5 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டியதில்லை. ஆழம் கூடினால் அடியில் இருப்பது மறந்துபோகும். ஏ4 தாளின் அளவு 210 × 297 மில்லிமீட்டர் என்றாலும், உட்புறம் அதே அளவில் இருந்தால் தாளை எடுக்க விரல் நுழையாமல் ஓரம் மடங்கும். சுற்றிலும் ஒரு விரல் அகலமாவது இடம் விட்டிருப்பது நல்லது. தாள்களைப் படுக்கை நிலையில்தான் வைக்க வேண்டும். ஈரப்பதம் கூடிய மாதங்களில் செங்குத்தாக நிறுத்தி வைத்த தாள்கள் வளைந்துவிட்டன. வளைந்த தாளில் அட்டை செய்தால் எப்படி ஒட்டினாலும் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும்.

பெட்டியின் வடிவத்தைப் பார்த்த அளவுக்கு, அது எந்தப் பிளாஸ்டிக்கால் ஆனது என்று நான் பார்க்கவில்லை. அழிப்பான்களைச் செதுக்கிச் சிறு அச்சுகள் செய்து, அவற்றால் வாழ்த்து அட்டைகளில் இலையும் பூவும் பதிப்பேன். அப்படிச் செதுக்கிய பதினோரு அச்சுகளைக் கண்ணாடிபோல் தெளிந்த, கெட்டியான பாலிஸ்டைரின் பெட்டியில் வைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்துத் திறந்தபோது அச்சுகள் பெட்டியின் அடிப்பாகத்தோடு ஒட்டிப்போயிருந்தன. ஒன்றைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தபோது, நான் செதுக்கிய வேப்பிலையின் நரம்புகள் பெட்டியின் தரையில் அப்படியே பள்ளமாகப் பதிந்திருந்தன. பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன அழிப்பான்கள் மென்மையாக இருப்பதற்காகச் சேர்க்கப்படும் இளக்கிப் பொருள் மெல்ல வெளியேறி, தான் தொடும் பாலிஸ்டைரினையும் இளக்கிவிடுகிறது. புதிய அழிப்பானுக்குத் தாள் உறை போட்டு விற்பது இதைத் தடுப்பதற்கும்தான் என்பதை அதன் பிறகே தெரிந்துகொண்டேன். இப்போது ஒவ்வோர் அச்சையும் தாளில் சுற்றியே வைக்கிறேன்.

அந்த நாளிலிருந்து ஜிப் கவர் வாங்கும்போதும், பிளாஸ்டிக்கின் வகையைக் காட்டும் முக்கோணக் குறிக்குள் இருக்கும் எண்ணைப் பார்க்கிறேன். 5 என்றால் பாலிபுரொப்பிலீன். பரிசு ஆல்பத்துக்கான புகைப்படங்களை அதில் நம்பி வைக்கலாம். 3 என்றால் பிவிசி. அதில் புகைப்படங்களை வைப்பதில்லை. ஒரு பரிசுக்கு ஒரு கவர் என்பது என் வழக்கம்: வரைபடம், நூல், ஊசி, பாதி முடிந்த துணி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். பத்து நாள் இடைவெளி விட்டுத் தொடர்ந்தாலும் எங்கே நிறுத்தினோம் என்று தேட வேண்டியிருக்காது. இந்த மூன்றில் மிக மலிவானதும் எனக்கு மிக அதிகமாக உதவியதும் இதுவே.

எம்ப்ராய்டரி நூலை அட்டைப் பாபினில் சுற்றும்போது நிற எண்ணை அப்போதே எழுதிவிட வேண்டும். ஆறு இழைகளும் ஏறத்தாழ 8 மீட்டர் நீளமும் கொண்ட நூல்கண்டு ஒரு பெரிய பூவுக்குப் போதாமல் போவது உண்டு. எண் தெரியாமல் கண் மதிப்பில் வாங்கிய சிவப்பு, தைத்த பிறகுதான் வேறு சிவப்பு என்று தெரியும். குவில்லிங் வேலைக்கான, அதாவது சுருட்டிப் பூ போன்ற வடிவங்கள் செய்வதற்கான, தாள் கீற்றுகளை ரப்பர் பேண்டால் கட்டி வைத்து ஒரு கட்டு முழுவதையும் இழந்திருக்கிறேன். நாளடைவில் ரப்பர் இளகித் தாளோடு ஒட்டிக் கறையாகிவிட்டது. தாளையே பட்டையாக வெட்டிச் சுற்றுவது போதுமானது. ரிப்பன்களைக் கண்ணாடிச் சாடிகளில் இட்டுச் சன்னலோரம் வைத்தது பார்வைக்கு மிக அழகாக இருந்தாலும், வெளிப்பக்கச் சுற்றுகள் மட்டும் வெளுத்துப்போயின.

பசை விஷயத்தில் மட்டும் எந்தப் பெட்டியும் உதவாது, தேதிதான் உதவும். ஒவ்வொரு பசைக் குப்பியின் அடியிலும் திறந்த தேதியை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுகிறேன். உடனடிப் பசை (சூப்பர் குளூ) ஈரத்தால் இறுகக்கூடியது என்பதால், திறக்காத குப்பியைக் காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இட்டுக் குளிர்பெட்டியில் வைக்கிறேன். வெளியே எடுத்தவுடன் திறந்தால் உள்ளே நீர் படியும். அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அறைப் பெட்டியின் கீல் கடந்த ஆண்டு ஒரு பக்கம் உடைந்தது. அதே அளவில் இன்னொன்று கிடைத்ததால் பழைய தடுப்புகள் அப்படியே பொருந்தின. உடைந்த பெட்டியை மூடியில்லாத் தட்டாக இழுப்பறைக்குள் இறக்கி, அன்றாடம் எடுக்கும் கத்தரிக்கோல், அளவுநாடா, ஊசிப்பொதி ஆகியவற்றை அதில் வைத்திருக்கிறேன்.