கைக்கு அறுவை, காலுக்கு எக்ஸ்ரே

தங்கையின் வலது மணிக்கட்டு வீக்கம் எலும்பில் வளரும் ஜெயன்ட் செல் கட்டி என்று திசுப் பரிசோதனையில் தெரிந்ததும், கிடைத்த விடுப்பை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். 20 முதல் 40 வயதுக்குள் அதிகம் வரும் இக்கட்டி பெரும்பாலும் புற்றுநோயன்று என்றாலும், அவளுடைய முன்கை எலும்புகளில் ஒன்றான ரேடியஸின் கீழ்முனையை அரித்து வெளியே பரவியிருந்தது. சுரண்டி எடுத்தால் மீண்டும் வளரும் வாய்ப்பு மிகுதி என்பதால், அம்முனையையே வெட்டியெடுத்து, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாக உள்ள மெல்லிய ஃபிபுலா எலும்பின் மேல்முனையை அங்கே பொருத்த முடிவாயிற்று.

அறுவை நன்றாகவே நடந்தது. நான் எழுத வந்தது, அதற்கு முந்தைய நாள் எக்ஸ்ரே அறை வாசலில் கழிந்த மூன்றரை மணி நேரத்தைப் பற்றி.

நெஞ்சுப் படத்தை மறுபேச்சின்றி எடுத்தார்கள். இக்கட்டி அரிதாக நுரையீரலுக்கும் போகும் என்பதால் அது தேவை என்பதை நான் பின்னரே அறிந்தேன். சிக்கல் கால் படத்தில்தான். “மணிக்கட்டுன்னு போட்டு முழங்கால் படம் கேட்டிருக்காங்க, தப்பா எழுதிட்டாங்க, மாத்தி வாங்கிட்டு வாங்க” என்று ஊழியர் சீட்டைத் திருப்பித் தந்தார். இரண்டு மாடி ஏறி, கையொப்பம் வாங்கி, புது டோக்கனுடன் மறுபடி வரிசையில் நின்று சன்னலை அடைந்தால், “எந்தக் கால்?” என்றார். சீட்டில் அது இல்லை. நான் வாழும் நாட்டில் இவையெல்லாம் கணினி வழியே போய்ச் சேர்ந்துவிடும். சீட்டைச் சுமந்து அலையும் வேலை நோயாளியின் உறவினருக்குக் கிடையாது என்று பொருமிக்கொண்டே மீண்டும் மாடியேறினேன்.

இம்முறை அறுவை மருத்துவரே என்னுடன் இறங்கி வந்தார். நான் வாழும் நாட்டில் இப்படியொரு மருத்துவரைச் சந்திக்கவே பல வாரங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து, ஃபிபுலாவின் தலைப்பகுதி ரேடியஸின் முனையை ஏறத்தாழ ஒத்திருப்பதையும், அதன் கழுத்தைச் சுற்றிச் செல்லும் நரம்பு பாதிக்கப்பட்டால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகும் என்பதையும், முழங்காலின் வெளிப்புறத் தசைநாரைத் திரும்பத் தைக்க வேண்டும் என்பதையும் விளக்கினார். பிறகு தங்கையிடம், “மணிக்கட்டு அசையணுமா, கனம் தூக்கணுமாம்மா?” என்று கேட்டார். மணிக்கட்டு மூட்டினை அசையவிட்டால் நாளடைவில் அது விலகவோ தேயவோ கூடும். கை எலும்புகளோடு இணைத்துவிட்டால் உறுதி கிடைக்கும், மணிக்கட்டு மடங்காது. தட்டச்சு வேலை பார்ப்பவளாதலால் அசைவையே கேட்டாள்.

சன்னலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊழியர், “அப்போ இந்தப் பொண்ணு நடக்க முடியுமா சார்?” என்றார். உடல் எடையைப் பெரும்பாலும் ஃபிபுலாவை ஒட்டியுள்ள பருத்த டிபியா எலும்பே தாங்குவதால் நடக்கலாம் என்றார் மருத்துவர். அதன்பின் வரிசையையும் டோக்கனையும் மறந்து, ஊழியர் முதலில் எங்களைத்தான் உள்ளே அழைத்தார்.