காலை ஐந்தேகால் மணிச் சப்பாத்து

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோ பகுதியில் வீடு வீடாகச் சென்று முதியவர்களைப் பராமரிப்பது என் வேலை. காலை ஐந்தேகாலுக்கு பஸ் பிடிக்க வேண்டும். அந்த நேரத்து ஐஸ் படிந்த நடைபாதையை வைத்துத்தான், வழுக்காமல் பிடிக்கும் இந்தக் குளிர்காலச் சப்பாத்தை அளக்கிறேன். வெயில் ஏறிய பிறகு நடப்பவர்களுக்கு இவ்வளவு கவலை தேவைப்படாது.

நான் ரொறன்ரோவுக்கு வந்தது 1998 நவம்பரில். அடுத்த ஜனவரியிலேயே நகரம் முடங்கும் அளவுக்குப் பனி கொட்டியது. மேயர் இராணுவத்தை அழைத்துவிட்டார் என்று தொலைக்காட்சியில் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதே, பனி அள்ளத்தான் வருகிறார்கள்" என்றார். மறுநாள் அவரே என்னைக் கடைக்குக் கூட்டிப்போய், இருந்ததிலேயே தடித்த சப்பாத்தை வாங்கித் தந்தார். குளிர் ஏறக்கூடாது என்பது ஒன்றே அன்று எங்களுக்குத் தெரிந்த கணக்கு. அதே கணக்கில் இருபது ஆண்டுகள் வாங்கினேன்.

2018 ஜனவரியில் விழுந்தேன். சக்கர நாற்காலிகள் இறங்குவதற்காக நடைபாதையை வீதியோடு சரித்துவிட்டிருப்பார்களே, அந்தச் சரிவில். மைனஸ் 15 பாகை. மைனஸ் 10ஐத் தாண்டினால் கல்லுப்பு ஐஸைக் கரைக்கப் பெரும்பாடு படும். அன்று உப்பு தூவியபடியே கிடந்தது, அடியில் ஐஸும் கிடந்தது. மைனஸ் 30 வரை தாங்கும் என்று எழுதியிருந்த சப்பாத்துக்குள் என் கால்விரல் ஒன்றுகூடக் குளிரவில்லை. மணிக்கட்டு முறிந்துவிட்டது.

கைப்பயிற்சி கொடுத்த பெண்தான் ரொறன்ரோ மறுவாழ்வு ஆய்வு நிறுவனம் நடத்தும் 'ரேட் மை டிரெட்ஸ்' இணையப் பட்டியலைக் காட்டினார். எந்தச் சப்பாத்து ஐஸில் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும் பட்டியல் அது. ஐஸ் தரை போட்ட ஒரு அறையையே சாய்த்து, இடுப்புப் பட்டி கட்டிய ஆட்களை ஏறி இறங்கச் சொல்கிறார்கள். உறைந்த ஐஸிலும் நீர் கசியும் ஐஸிலும் 7 பாகைச் சரிவில் வழுக்காமல் நின்றால் அந்தச் சப்பாத்துக்கு மதிப்பெண்ணாக ஒரு பனிப்பூ, 11 பாகைக்கு இரண்டு, 15 பாகைக்கு மூன்று. 7 பாகை என்பது நான் விழுந்தேனே, அதைப் போன்ற நடைபாதைச் சரிவின் அளவு. 2016இல் அவர்கள் முதலில் வெளியிட்ட 98 வகைகளில் பத்தில் ஒரு பங்குகூட அந்த ஒற்றைப் பனிப்பூவை எட்டவில்லை. எங்களைப் போன்ற பராமரிப்புப் பணியாளர்களுக்கே நல்ல பிடிப்புள்ள சப்பாத்துகளைக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். வழுக்கல்களும் விழுதல்களும் குறைந்தன. இதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. அதிகாலையில் நாங்கள் நடப்பதை யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலைப் பார்த்து நான் வாங்கியது, அடிப்பாகத்தில் கண்ணாடி இழை கலந்த ரப்பர் வைத்தது. தடவினால் பூனை நாக்குப் போலச் சொரசொரக்கும். விலை 190 டொலர். முதல் வாரம் பழைய பழக்கத்தில் வாத்துப் போலவே அடி வைத்தேன். பிறகு ஒரு விடியலில், வீதியைக் கடக்கும்போது விளக்கு மாறவே, யோசிக்காமல் வேகமாக எட்டி நடந்துவிட்டேன். அக்கரையில் நின்றுதான், காலடியில் முழுக்கக் கண்ணாடி ஐஸ் இருந்ததைக் கவனித்தேன்.

குறைகளும் உண்டு. ஐஸைப் பிடிக்கும் இந்த ரப்பர் அடுக்குமாடி முகப்பின் ஈர மாபிளில் அப்படிப் பிடிப்பதில்லை. லிஃப்ட்டுக்குப் போகும்போது கவனமாக இருக்கிறேன். பனியில்லாத வெறுந்தாரில் நடந்து இழை தேய்கிறது. என் முதல் சோடி இரண்டு குளிர்காலத்தில் குதிப்பக்கம் வழவழத்துவிட்டது. மேற்பாகம் புதிதுபோலவே இருந்ததால், கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பழைய தடித்த சப்பாத்தின் கதகதப்பும் இதில் இல்லை. அரை அளவு பெரிதாக வாங்கி, உள்ளே கம்பளிக் காலுறை போடுகிறேன்.

நிறுவனத்தின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். ஒரே நிறுவனத்தின் ஒரு வகை தேறுகிறது, பக்கத்துத் தட்டில் இருப்பது தேறுவதில்லை. வகையின் முழுப் பெயரையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது என்னிடம் இருப்பது இரண்டாவது சோடி. அண்ணிக்கு இந்த ஆண்டு எழுபத்திரண்டு வயது. அவருக்கும் அதே வகையில் ஒரு சோடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் இரண்டு சோடிகளையும் கவிழ்த்து வைத்து, குதிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கிறேன்.