மனாவுஸ் துறைமுகத்தில் இரண்டு நாள்

பயணக் கப்பலில் அமேசான் போகிறவர்களுக்குக் கடைசி நிறுத்தம் பெரும்பாலும் பிரேசிலின் மனாவுஸ்தான். கடலிலிருந்து ஆற்றுக்குள்ளேயே ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் வந்து, அத்தனை பெரிய கப்பல் இருபது லட்சம் பேர் வாழும் ஒரு நகரத்தின் நடுவில் போய் நிற்கிறது. பிப்ரவரியில் நானும் மனைவியும் போனோம், கப்பல் இரண்டு பகலும் ஓர் இரவும் அங்கே நின்றது. எங்களுக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் இதே பயணத்துக்குப் பணம் கட்டியிருக்கின்றன, போகலாமா, போனால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

போகலாம். ஆனால் கப்பலில் விற்கும் சுற்றுலாக்களை இரண்டு நாளைக்கும் வாங்கிவிடாதீர்கள். முக்கியமான இடங்களில் பாதி, இறங்கிய இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கின்றன.

துறைமுகத்தையே முதலில் நின்று பாருங்கள். கப்பல் கட்டியிருப்பது மிதக்கும் துறையில். 1900களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் அமைத்தது. அமேசானில் சேரும் ரியோ நெக்ரோ ஆறு வருடா வருடம் பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், கரையில் அசையாத துறை கட்டினால் பாதி வருடம் அது நீருக்குள் போய்விடும் அல்லது எட்டாத உயரத்தில் நிற்கும், அதனால் தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்குகிற மாதிரி செய்திருக்கிறார்கள். வெள்ளம் எந்த வருடம் எதுவரை வந்தது என்று துறைமுகச் சுவரில் குறித்து வைத்திருக்கிறார்கள். 2021இல் 30.02 மீட்டர், அதுதான் உச்சம். இரண்டே வருடத்தில், 2023 வறட்சியில், அதே அளவுகோல் 12.70க்கு இறங்கியது, 2024இல் அதற்கும் கீழே போனது. சுவரின் முன்னால் நின்று இந்த எண்களை நினைத்துப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. நாங்கள் போனபோது ஆறு ஏறிக்கொண்டிருந்தது. ஜூன் வாக்கில் நிறையும், அக்டோபர் நவம்பரில் வற்றும்.

முதல் நாள் காலை கப்பல் ஏற்பாட்டில் ஆறுகள் சந்திக்கும் இடத்துக்குப் போனோம். கட்டஞ்சாயா நிறத்தில் ரியோ நெக்ரோ, பால் கலந்த தேநீர் நிறத்தில் சோலிமோயிஸ் (அமேசானின் மேல்பகுதிக்கு அங்கே அதுதான் பெயர்), இரண்டும் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒன்று குளிர்ச்சியாக, வேகமாக, வண்டலோடு வருகிறது, மற்றது வெதுவெதுப்பாக மெதுவாக வருகிறது, அடர்த்தியும் வேறு. படகிலிருந்து கையை விட்டால் கோட்டைத் தாண்டும் இடத்தில் சூடு மாறுவது நன்றாகவே தெரிகிறது. இதற்காகவே போகலாம்.

ஆனால் அங்கே நின்றது கால் மணி நேரம்தான். அப்புறம் ஒரு மிதக்கும் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். தேவாங்கு மாதிரி இருக்கிற, அதிகம் அசையாத ஸ்லாத் என்ற பிராணியையும் ஒரு பாம்பையும் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். காட்டில் மரக்கிளையில் தொங்க வேண்டிய பிராணி, நாள் முழுக்க நூறு பேர் கை மாறுகிறது. எனக்கு மனசு கேட்கவில்லை, நாங்கள் படகிலேயே உட்கார்ந்துவிட்டோம். சீட்டு வாங்கும்போது யாரும் இதைச் சொல்லவில்லை. நீங்கள் வாங்குமுன் விலங்குகளைக் கையில் கொடுக்கும் இடம் எதற்காவது போகிறதா என்று நேராகக் கேளுங்கள், ஆம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் இது நிற்கும்.

மதியம் சந்தைக்கு நடந்தோம். அடோல்போ லிஸ்போவா சந்தை 1883இல் திறந்தது, பாரிஸ் சந்தையைப் பார்த்துக் கட்டிய இரும்புக் கட்டடம். மீன் பகுதியில் ஆள் உயரத்தை மிஞ்சும் பிராருகு, தம்பாக்கி என்று விதவிதமாக அடுக்கியிருக்கிறார்கள். எங்களை நிறுத்தியது மரவள்ளி. மூட்டை மூட்டையாக மஞ்சள் மாவு, குருணை, பொடி, வறுத்தது. நம் வீடுகளில் பஞ்ச காலத்தில் பசியாற்றிய அந்தக் கிழங்குக்குத் தாயகம் இந்தக் கண்டம்தான். நச்சுள்ள கசப்பு மரவள்ளியின் சாற்றைக் கூட நெடுநேரம் கொதிக்க வைத்து நஞ்சை எடுத்துவிட்டு, துக்குப்பி என்று புட்டிகளில் விற்கிறார்கள். சந்தைக்குப் பக்கத்தில்தான் ஊர்ப் படகுகள் நிற்கின்றன. தளம் முழுக்க வண்ண வண்ணத் தூளிகள், அதில் படுத்தபடியே நான்கைந்து நாள் பயணம் செய்து கடல் பக்கமுள்ள பெலேம் நகரத்துக்குப் போகிறார்கள். எங்கள் கப்பலைவிட அந்தப் படகுகளில்தான் ஆறு இருக்கிறது என்று தோன்றியது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: காலையில் துக்குமா பனம்பழத் துண்டுகள், பொரித்த வாழைப்பழம், பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி எங்கும் கிடைக்கும், பிரமாதம். மாலையில் கொட்டாங்கச்சி போன்ற சுரைக்குடுவையில் தருகிற தகாகா சூப்பில் காய்ந்த இறால் இருக்கும். இறால் சாப்பிடுகிறவர்கள் விடக்கூடாது. அதில் போடும் ஜாம்பு கீரை நாக்கை மரத்துப்போக வைக்கும், பயப்பட வேண்டாம்.

தகாகா சாப்பிட்டது நாடக அரங்கின் முன்னால் உள்ள சதுக்கத்தில். தெயாத்ரோ அமசோனாஸ், துறையிலிருந்து கால் மணி நேர ஏற்றம். வெயில் தாழ்ந்து போங்கள். 1896 டிசம்பர் 31இல் திறந்தது, குவிமாடத்தில் பிரேசில் கொடி நிறங்களில் 36,000 ஓடுகள், உள்ளே இத்தாலியச் சலவைக்கல், முரானோ விளக்குகள், எழுநூறு இருக்கைகள். நடன அறைக்குள் போகும்போது தரையில் கீறல் விழாதபடி செருப்பின் மேல் துணி உறை மாட்டிவிடுகிறார்கள். வழிகாட்டியோடுதான் பார்க்க வேண்டும், கட்டணம் உண்டு, கட்டாயம் கொடுங்கள்.

இத்தனையும் ரப்பர் பணம். என் அம்மா மலேசியாவில் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர், அதனால் அந்தச் சிவப்பு நாற்காலியில் என்னால் வெறும் பயணியாக உட்கார முடியவில்லை. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசானின் துணையாறான தபாஜோஸ் பக்கமிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகள் இலங்கைக்குப் போயின, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அந்த மரங்களில் பால் வெட்டத்தான் நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். 1910களில் மலாயா ரப்பர் மலிவாகக் குவிந்ததும் மனாவுஸ் சரிந்தது. வழிகாட்டிப் பெண் ஆசியத் தோட்டங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார். முடிந்ததும் அம்மாவைப் பற்றி அவரிடம் சொன்னேன், அவருடைய பூட்டனாரும் காட்டில் பால் எடுத்தவராம். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

அவர் சொல்லித்தான் இரண்டாம் நாள், ரப்பர் எடுத்த காலத்தைக் காட்டும் செரிங்கால் அருங்காட்சியகத்துக்குப் போனோம். கப்பல் பட்டியலில் அது இல்லை. டாக்சியில் மரினா தோ தாவி படகுத்துறை, அங்கிருந்து ஊர்ப் படகில் அரை மணி நேரம். காலையிலேயே கிளம்புங்கள், சில்லறையாகப் பிரேசில் ரியால் வைத்துக்கொள்ளுங்கள், திறந்திருக்கும் நாளா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். ரப்பர் முதலாளியின் வீடு, கடன் கணக்கு எழுதும் கடை, பால் எடுப்பவரின் ஓலைக் குடிசை எல்லாம் அப்படியே அமைத்திருக்கிறார்கள். அரிசியும் கத்தியும் முதலாளி கடையிலேயே கடனுக்கு வாங்கவேண்டும், கணக்கு எந்த நாளும் தீராது.

நம் தோட்டத்தில் மரங்கள் நிரை பிடித்து நிற்கும். இங்கே காட்டில் ஒரு மரம் இங்கே, அடுத்தது எங்கோ. நெருக்கமாக நட்டால் இலைக்கருகல் நோய் வந்து அழித்துவிடுமாம். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான மரங்களைத் தேடி ஒற்றையடிப் பாதையில் நடப்பார்கள். எடுத்த பாலைப் புகையில் காட்டி, கோலில் சுற்றிச் சுற்றிப் பெரிய உருண்டை ஆக்குவார்கள். வழிகாட்டி அதைச் செய்து காட்டினார். அடுத்து என்னிடம் கத்தியைக் கொடுத்தார். பள்ளி விடுமுறையில் அம்மாவுக்கு மங்கு (பால் சேரும் கிண்ணம்) துடைத்துக் கொடுத்திருக்கிறேன், வெட்ட அவர் விட்டதில்லை, கட்டையில் பட்டால் மரம் காயம்பட்டுவிடும் என்பார். பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவினேன். பால் வந்தது. மனைவி படம் எடுக்க மறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குக் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். அன்று மாலை சட்டையில் அந்தப் புகை வாசம் இருந்தது.